ஃபெயேயின் குறியீட்டிலிருந்து ஒரு பரோக் நடனம்

ரவுல் ஓஷே ஃபெயே 1700ஆம் ஆண்டு பாரிசில் வெளியிட்ட நடனக் குறியீட்டு (நடன அடிகளைத் தாளில் எழுதும் முறை) நூலை வழிகாட்டியாகக் கொண்டு, பிரெஞ்சு நடன அமைப்பாளர் பெக்கூர் அமைத்த ‘லா பூரே தஷீல்’ என்ற பரோக் (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப்பாணி) இணை நடனத்தை அச்சேட்டிலிருந்து நேரடியாகப் படித்து ஆடப் பழகி வருகிறேன். 14ஆம் லூயி மன்னரின் நடன ஆசிரியரான பியெர் போஷாம் வகுத்ததாகக் கருதப்படும் இந்த முறையில் எழுதப்பட்ட நடனங்கள் 300க்கும் மேல் எஞ்சியிருக்கின்றன. இரட்டைத் தாளத்தில் விரைவாக ஆடும் பூரேவில் தொடங்கி, நடுவில் மூன்று தட்டுத் தாள நடனமான மினுவெட்டாக மாறி, மீண்டும் பூரேவுக்குத் திரும்புவதால் ஒரே நடனத்தில் இரு வகை அடிகளையும் கற்கலாம் என்பதற்காகவே இதைத் தேர்ந்தேன்.

பக்கத்தின் மேலே இசைக்குறிப்பு இருக்கிறது. அதன் கீழே இருவரும் தரையில் செல்லும் பாதைகள் கோடுகளாக வரையப்பட்டுள்ளன. ஆடுபவர் ஆணாயின் ஓர் அரைவட்டமும், பெண்ணாயின் இரட்டை அரைவட்டமும் அடையாளம். பாதையின் இருபுறமும் வலக்கால், இடக்கால் அடிகள் அமர்ந்திருக்க, குறுக்கே வெட்டும் சிறு கோடுகள் இசையின் தாளச் சுற்றுகளைக் காட்டுகின்றன. அடிக்குறியின் மேல் சாய்ந்து நிற்கும் கோடு முழங்கால் மடக்கு, நேராக நிற்பது முன்பாதத்தில் உயரும் எழுச்சி, இரண்டு நேர்க்கோடுகள் தாவல். இவ்வளவையும் ஒரே கோட்டின்மீது ஏற்றிவைத்த அறிவுக்கூர்மை இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

ஆனால் அந்தக் கோடு இடத்தையும் காலத்தையும் சேர்த்தே சுமக்கிறது என்பதில்தான் படிப்பவரின் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. அடிகள் நெருங்கி வருமிடத்தில் அவற்றை எழுத இடம் வேண்டி பாதை நீட்டப்படுகிறது. வந்த வழியே திரும்பும்போது கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதிருக்கப் பாதை சற்றே ஒதுக்கி வரையப்பட்டு, புள்ளிக்கோட்டால் இணைக்கப்படுகிறது. எனவே தாளில் தெரியும் நீளத்தைத் தரையில் அளந்து பயனில்லை. ஒவ்வோர் அடியும் இயல்பாக எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை உடலால் அறிந்து, அதிலிருந்தே வடிவத்தைக் கட்டியெழுப்ப வேண்டும். பக்கத்தின் மேல்விளிம்பு எப்போதும் அவையின் தலைப்பக்கத்தை (முதன்மைப் பார்வையாளர் அமரும் பக்கத்தை) நோக்கியே இருக்க வேண்டும், உடல் திரும்பினாலும் ஏடு திரும்பக் கூடாது என்ற விதியைக் கைக்கொண்ட பிறகு, சுழற்சிக் குறிகள் எனக்குத் தெளிவாகிவிட்டன.

நான் மிகுந்த நேரம் செலவிட்டது மடக்கிலும் எழுச்சியிலும்தான். மடக்கு தாளத்தின் முதல் தட்டுக்கு முன்பே முடிந்து, எழுச்சி அந்தத் தட்டின்மீது சரியாக விழ வேண்டும். பூரே அடியில் ஓர் எழுச்சியைத் தொடர்ந்து இரண்டு எளிய நடையடிகள் வருவதால் இது விரைவில் கைவந்தது. மினுவெட் அப்படியன்று. 6 தட்டுகளுக்குள் 4 அடிகள் வைக்க வேண்டும். நான் பழகும் வகையில் எழுச்சிகள் 1, 3 ஆகிய தட்டுகளிலும், எஞ்சிய அடிகள் 4, 5 ஆகியவற்றிலும் விழுகின்றன. இசை மூன்று மூன்றாகப் பிரிய, கால்கள் வேறு கணக்கில் செல்லும் இந்த இழுவிசையே மினுவெட்டின் அழகு என்பது என் துணிவு; இசையை வாயால் முணுமுணுத்துக்கொண்டு மிக மெதுவாக நடந்து பார்த்தே அதை உணர முடிந்தது.

கைகளைப் பற்றி இந்த ஏடு ஏறக்குறைய மௌனமாகவே இருக்கிறது. கைக்குறிகளை ஃபெயே விளக்கியிருந்தும், அச்சான நடனங்களில் அவை அரிதாகவே எழுதப்பட்டன. அதனால் பியெர் ராமோ 1725இல் வெளியிட்ட நடன நூலைத் துணைகொண்டு, வலக்கால் முன்வரும்போது இடக்கை முன்வருவது என்ற எதிர்நிலை ஒழுங்கையும், மணிக்கட்டிலிருந்தும் முழங்கையிலிருந்தும் பிறக்கும் சுழற்சியையும் இப்போது பூரே பகுதியில் சேர்த்து வருகிறேன். மினுவெட்டில் கால்கள் எண்ணாமலே ஓடத் தொடங்கிய பிறகுதான் அங்கே கைகளைச் சேர்ப்பேன். இணையாளரின் பாதையைப் படிக்கும் வேலை அதற்கும் அடுத்தது.