சிப் ரேஸ் இந்த முறை சுத்தமாக முடிந்தது

கடைசியில் ப்ளைண்ட் அட்டவணை (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கிற பந்தயம் எப்போது எவ்வளவு கூடும் என்ற கணக்கு) ஒரு நிலைக்கு வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு கராஜில் நடக்கும் போக்கர் இரவு, இந்த முறை எட்டுப் பேரோடு ஆரம்பித்து நான் கணக்குப் போட்ட இடத்திலேயே முடிந்தது. யாரும் பாதியில் கிளம்பவில்லை. இரண்டு இடைவேளையும் முழுதாகக் கிடைத்தன. அந்த இடைவேளைகளுக்காகத்தான் இத்தனை பாடும்.

நான் கிறிஸ்தவன். கூட ஆடுகிறவர்களில் பாதிப் பேர் மாரியம்மன் பக்தர்கள், மற்றவர்கள் பலவிதம். என் விசுவாசத்தை இவர்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்பது எல்லாருக்கும் தெரியும், நான் மறைத்ததில்லை. ஆனால் ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு விழுந்த பிறகு, கால் பண்ணலாமா (எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு வைக்கலாமா) வேண்டாமா என்று ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் காதில் எதுவும் ஏறாது. முன்பெல்லாம் சிப் (பந்தய வில்லைகள்) தீர்ந்தால் மறுபடி எடுத்துக்கொண்டு நள்ளிரவு வரை ஆடுவோம். அதில் எல்லாரும் சேர்ந்து எழுந்து நிற்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. டோர்னமென்ட் முறைக்கு மாறினதும் அது கிடைத்தது.

இப்போதைய அமைப்பு இதுதான்: ஆளுக்கு 5,000 மதிப்புக்குச் சிப். அதாவது 25-ல் எட்டு, 100-ல் எட்டு, 500-ல் நாலு, 1,000-ல் இரண்டு. ப்ளைண்ட் (சின்னது/பெரியது) 25/50-ல் தொடங்கி 50/100, 75/150, பிறகு இடைவேளை. அடுத்து 100/200, 200/400, 300/600, 400/800, மறுபடி இடைவேளை. கடைசியில் 500/1,000, அப்புறம் 1,000/2,000. ஒவ்வொன்றும் 20 நிமிடம். மேசையில் இருப்பது மொத்தம் 40,000, ஆக கடைசிக் கட்டத்தில் எல்லாருக்கும் சேர்த்தே 20 பிக் ப்ளைண்ட்தான். அதற்கு மேல் ஆட்டம் இழுக்காது.

என்னைப் பாடாய்ப்படுத்தியது சிப் ரேஸ். முதல் இடைவேளையில், இனித் தேவைப்படாத 25-களை மேசையை விட்டு எடுக்க வேண்டும். நாலு 25-க்கு ஒரு 100 மாற்றிக் கொடுத்தபின் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ மிஞ்சும். மிஞ்சிய ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சீட்டு, திறந்தபடி. முதல் நாற்காலியில் தொடங்கி, ஒருவருக்குரிய சீட்டுகளை முழுக்கப் போட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் போக வேண்டும். பெரிய சீட்டுக்காரருக்கு ஒரு 100. எண் ஒன்றானால் இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற வரிசை. ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது.

சரிபார்க்க ஒரு வழி: தொடக்கத்தில் 25-கள் 64. நாலால் மீதியில்லாமல் வகுபடும். எனவே மிஞ்சியவற்றைக் கூட்டினாலும் நாலின் மடங்காகத்தான் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு சிப் மேசைக்கு அடியில் கிடக்கிறது, தேடுங்கள். மாற்றிக் கொடுக்க 100-ல் பதினாறு தனியே எடுத்து வையுங்கள். இரண்டாவது இடைவேளையில் 100-கள் 80 ஆகியிருக்கும், அவற்றுக்கு 500-ல் பதினாறு வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ரேஸில் யாரும் ஆட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. கையிலிருந்த கடைசி 25-ம் போய்விட்டால் அவருக்கு ஒரு 100 கொடுத்து உட்கார வைக்க வேண்டும். போக்கர் விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது.

இந்த முறை ரேஸ் முடிந்து எல்லாரும் கெட்டிலைச் சுற்றி நின்றோம். வெறும் சீட்டு விழுந்ததை வைத்து 100 போய்விட்டதே என்று பக்கத்துத் தெரு அண்ணன் வருத்தப்பட்டார். நான் யோவான் 19-ம் அதிகாரத்தைச் சொன்னேன். இயேசுவைச் சிலுவையில் அறைந்த போர்ச்சேவகர்கள் அவர் உடுப்பை நாலு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். அங்கி மட்டும் தையலில்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு. கிழிக்க மனமில்லாமல், அது யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள். அண்ணன் உடனே, "இது அந்த வெள்ளிக்கிழமையா தம்பி?" என்று கேட்டார். அவர் குடும்பம் புனித வெள்ளி வந்தால் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள். அந்த நாளை நான் எதற்காக அனுசரிக்கிறேன் என்று அதுவரை அவர் கேட்டதில்லை. இயேசு எனக்காக மரித்தார் என்று நான் நம்புவதைச் சொன்னேன். அண்ணன் தன் அம்மா எடுத்த நேர்த்திக்கடனைப் பற்றிச் சொன்னார். நேரம் முடிந்து மணி அடித்ததும் போய் உட்கார்ந்துவிட்டோம். கேட்டால்தான் சொல்வது, கேட்ட அளவுக்குச் சொல்வது. 1 பேதுரு 3:15 சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறது. நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சபையில் சில பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சீட்டு என்றாலே சூது என்கிறார்கள். சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்த ஆட்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அதனால்தான் எங்கள் மேசையில் ஒரு ரேண்ட்கூடக் கிடையாது. ஜெயித்தவர் அடுத்த முறை என்ன சாப்பாடு என்று முடிவு செய்வார், அவ்வளவுதான். புரட்டாசியில் யார் ஜெயித்தாலும் பீன்ஸ் பன்னி சௌதான் (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி), ஏனென்றால் பாதி மேசை விரதம்.

ப்ளஃப் பண்ணுவது, அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் வைப்பது, பொய்யில்லையா என்று கேட்கிறார்கள். எதை வைத்திருக்கிறோம் என்று மறைப்பதற்கு எல்லாரும் சம்மதித்துத்தான் உட்காருகிறோம், ஆகவே பெட் போட்டு மறைப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் வாயால் சொல்ல மாட்டேன். "செட் இருக்கா?" என்று, அதாவது ஒரே எண்ணில் மூன்று சீட்டு இருக்கிறதா என்று, கேட்டால் பேசாமல் இருப்பேன்.

சீட்டுக்கட்டு விஷயம்: டர்பன் ஈரக்காற்றில் காகிதக் கட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, கோடையில் கலைக்கவே முடியாது. முழு பிளாஸ்டிக் கட்டுக்கு மாறுங்கள். விலை அதிகம், ஆனால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். க்ரே தெருப் பக்கம் ஒரு கடையில் பிளாஸ்டிக் என்று சொல்லி மெழுகு பூசிய காகிதத்தைக் கொடுத்தார்கள். வாங்குமுன் ஒரு சீட்டை வளைத்துப் பாருங்கள், மடிப்பு விழுந்தால் காகிதம்தான். இணையத்தில் வாங்கினால் அகலத்தையும் பாருங்கள். பிரிட்ஜ் அளவு இரண்டேகால் அங்குலம், போக்கர் அளவு இரண்டரை. பெரியவர்கள் கைக்குக் குறுகலானதே வசதி.

கடைசி இரண்டு கட்டங்களை 15 நிமிடமாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று யோசனை ஓடுகிறது. அதற்குள் மாமா ஒருவர், எங்கள் ஊர்ச் சீட்டாட்டமான துனிக்கு ஒரு இரவு வைக்கச் சொல்கிறார். எங்கள் ஊரில் துனி தெரியாத வீடு குறைவு. 24 சீட்டு, ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்துக்கு 10, ராஜா 3, ராணி 2. போக்கருக்கு வராத வயதானவர்களும் அதற்கு வருவார்கள். ஆனால் துனியில் ப்ளைண்ட் கிடையாது, ரேஸ் கிடையாது, எங்கே நிறுத்துவது? 12 பால் (ball, துனியில் வெற்றிக் கணக்கு) எடுத்தால் ஆட்டம் முடிவு என்பதால், ஒரு பக்கம் ஆறு பால் தொட்டதும் தேநீர் என்று வைத்துப் பார்க்கப் போகிறேன். புனித வெள்ளி வாரத்தில் அண்ணன் கோயிலில் இருப்பார், நான் ஆலயத்தில் இருப்பேன். அதனால் அதற்கு அடுத்த வாரம்.