வயித்து வலிக்கு பிஎச்சி போய் கவுன்சிலிங் வரைக்கும் போன கதை

பையன் மூணாங்கிளாஸ். ஜூன்ல ஸ்கூல் தொறந்ததுல இருந்து காலையில வேன் வர்ற நேரத்துக்கு வயித்த புடிச்சிட்டு உக்காந்துடுவான், சாயங்காலம் பாத்தா தெருவுல கிரிக்கெட். பூச்சி மருந்து, ஓமத்தண்ணி, ப்ரைவேட்ல ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, நார்மல். மாமியார் மந்திரிச்சு கயிறு வேற கட்டி விட்டாங்க.

சின்னவளுக்கு காய்ச்சல்னு எங்க ஊர் பிஎச்சி, அதான் ஆரம்ப சுகாதார நிலையம், போனப்ப பேச்சோட பேச்சா டாக்டரம்மாகிட்ட இதையும் சொன்னேன். ராத்திரி வலியில முழிக்கிறானா, எடை குறைஞ்சிருக்கானு கேட்டுட்டு, "ஞாயித்துக்கிழமை வலிக்குதா?"ன்னாங்க. யோசிச்சா, இல்ல! உடனே நான் நடிப்புன்னு நெனச்சேன்னு புரிஞ்சுகிட்டாங்க போல, "வலி நெஜம்தாம்மா, சில பிள்ளைங்களுக்கு பயம் வயித்துலதான் தெரியும்"னாங்க.

மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து ஒரு டீம் குறிப்பிட்ட நாள்ல பிஎச்சிக்கே வருவாங்களாம், அன்னிக்கு வரச் சொன்னாங்க. அதே ஓபி சீட்டு, அதே பெஞ்சு, காசு கிடையாது. பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு நாம எதுக்கு வந்திருக்கோம்னே தெரியாது. இதுவே மனநல ஆஸ்பத்திரின்னு போர்டு போட்ட எடம்னா எங்க வீட்டுக்காரர் சத்தியமா வந்திருக்க மாட்டார்.

சைக்காலஜிஸ்ட் என்னை வெளிய உக்கார வெச்சுட்டு அவன்கிட்ட தனியா பேசினாங்க, படம் வரைய விட்டாங்க. கிளாஸ்ல எழுந்து வாசிக்கணும், எழுத்தெல்லாம் குழம்புது, பசங்க சிரிக்கறாங்க, இதான் விஷயம். வீட்லயே வெச்சுக்காதீங்க, லீவு விட விட பயம் கூடும், அரை நாளாவது அனுப்புங்கன்னு சொல்லி மிஸ்ஸுக்கு ஒரு லெட்டரும் குடுத்தாங்க. மிஸ் அவனை வாசிக்கச் சொல்றத நிறுத்திட்டாங்க, வலி பாதி அங்கயே போச்சு.

கற்றல் குறைபாடு இருக்கானு பாக்க பெரிய ஆஸ்பத்திரில இருக்கற டிஇஐசிக்கு (பிள்ளைங்களோட வளர்ச்சிக் குறைபாடெல்லாம் பாக்கற மாவட்ட மையம்) எழுதிக் குடுத்தாங்க. அங்கதான் ஜவ்வா இழுத்துச்சு, டெஸ்ட் எடுக்க ஆள் கம்மி, தேதி தள்ளிட்டே போச்சு. எடுத்தப்புறம் இருக்குன்னுதான் வந்துச்சு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இதுவும் வருது, அதனால சர்டிபிகேட் வாங்கி வெச்சா பரீட்சைல சலுகை கேக்கலாம். அதுக்கு இப்ப அலைஞ்சிட்டு இருக்கோம்.

டீம் வர்ற கிழமை ஊருக்கு ஊர் மாறும், உங்க பிஎச்சி நர்ஸ்கிட்ட கேட்டுட்டு போங்க. நடுவுல பேச ஆள் வேணும்னா 14416, டெலி மானஸ்னு கவர்மெண்ட்டோட மனநல உதவி லைன், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.