சுவரைத் தட்டிப் பார்க்கிற வேலை

யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் ஒரு சின்னப் பாடசாலை. 1990 இல் போரால் சனம் இடம்பெயர்ந்தபோது பூட்டியது, மீள்குடியேற்றத்துக்குப் பிறகுதான் திறந்தது. அதன் பழைய மண்டபத்தைத் திருத்த வேண்டும். அந்த வேலையிலேயே ஊரில் சும்மா நிற்கிற இளம் ஆட்களுக்கு மேசன் வேலையும் பழக்க வேண்டும். இதுதான் திட்டம். பயிற்றுநராக என்னைப் போட்டார்கள். 16 பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள்.

முதல் இரண்டு கிழமையும் பயிற்சி நிலைய வளவில் போனது. சீமெந்துக் கல்லை மண் சாந்தில் அடுக்கிச் சுவர் கட்டுவோம், பின்னேரம் இடித்துக் கல்லைக் கழுவி வைப்போம். மூன்றாம் நாளே ஒருவன் கேட்டான்: “சேர், இடிக்கிற சுவருக்கு என்னத்துக்குத் தூக்குக்குண்டு பிடிச்சு நேர் பார்க்கிறது?” அவனை ஏசினேன். ஆனால் என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பாடசாலைக்குப் போன பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. தான் இரண்டாம் வகுப்பு வரை இருந்து படித்த வாங்கு இதுதான் என்று ஒருவனுடைய தாய் வந்து காட்டிவிட்டுப் போனா. கூரைச் சீற்றை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும், அஸ்பெஸ்டஸ் தூசி நெஞ்சுக்குக் கூடாது என்று சொன்னபோது, மறுபேச்சில்லாமல் முகமூடியைக் கட்டினார்கள். வளவில் அதே பெடியளைத் தொப்பி போட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிழை விட்டது நான்தான்.

மண்டபச் சுவரின் அடிப்பக்கப் பூச்சு கொட்டுண்டு கிடந்தது. கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு ஐந்து சீமெந்துக் கலவையால் பூசினோம். பயிற்சிக்கு நல்ல வேலை, கையும் ஓடியது. இரண்டு மாதம் போகவில்லை, முழங்கால் உயரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. விரல் மடக்கால் தட்டினால் பொக்கென்று சத்தம்; பூச்சு சுவரை விட்டு விலகியிருந்தது. பெடியள் என்னைப் பார்க்கிறார்கள். மணலில் உப்பு என்றேன், தண்ணீர் காணாது என்றேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

பயிலுநர் ஒருவனுடைய அப்பு, அதாவது தாத்தா, அந்தக் காலத்து மேசன், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, உது சுண்ணாம்புச் சாந்திலை கட்டின சுவர். நிலத்து ஈரத்தைக் குடிச்சு வெளியாலை விடுற சுவர். நீங்கள் அதுக்குச் சீமெந்தாலை மூக்கைப் பொத்திப் போட்டியள்.”

விசயம் அவ்வளவுதான். காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வருவதற்கு முந்திய சுவர் அது. ஈரம் ஏறாமல் தடுக்க அத்திவாரத்தில் ஒன்றும் இல்லை. ஈரம் மேலே வரும், உப்பையும் கரைத்துக் கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் அதற்குள்ளால் காய்ந்து போய்விடும். சீமெந்து வழி விடாது; உப்பு உள்ளுக்குள் கட்டிபட்டுப் பூச்சை வெளியே தள்ளும். கல்லும் சுண்ணாம்புக்கல், சீமெந்துக்கு அரைத்துச் சுட்டதும் அதே ஊர்க் கல்தான். ஆனாலும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. எங்கள் பாடத்திட்டம் முழுக்கப் புதுச் சுவர். பழைய சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கும் ஆரும் படிப்பிக்கவில்லை.

பூசியதை எல்லாம் கொத்தினோம். பிறகு சுவர் காய வேண்டும். அது ஆவணி விடுமுறை. பாடசாலை தொடங்கும் நாளை எண்ணிக்கொண்டு அதிபர் வாசலில் நிற்கிறார். காசு தந்தவர்களின் மாதப் படிவத்தில் எத்தனை சதுர அடி பூசியது என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. சுவர் காய்கிறது என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. நான் சைபர் போட்டு அனுப்பினேன். தொலைபேசி அழைப்பு வந்தது, பேச்சும் வாங்கினேன்.

அந்தக் காத்திருந்த நாட்களில்தான் இவர்கள் மேசன்மார் ஆனார்கள் என்று நினைக்கிறேன். ஊறவைத்த சுண்ணாம்பை ஒன்றுக்கு மூன்று மணலோடு குழைக்க அப்புதான் காட்டிக் கொடுத்தார். பனங்கட்டித் தண்ணீர் விடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதை மட்டும் நான் சேர்க்கவில்லை, அவருக்கு இன்றைக்கும் கோபம். பெடியள் சும்மா இருக்காமல் மண்டபம் முழுக்கத் தட்டித் தட்டி, பொக்கான இடத்தைக் கரியால் வட்டம் போட்டார்கள். சாந்தகப்பை பிடிக்கிற கை இரண்டு கிழமையில் வரும். தட்டிக் கேட்கிற காது அப்படி வராது. வளவில் கட்டி இடித்த சுவரில் கேட்க என்ன இருந்தது?

16 பேரில் 11 பேர் தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) 3ஆம் மட்டச் சான்றிதழ் எடுத்தார்கள். மேசன் என்றால் கலியாணத்துக்குப் பொம்பிளை எடுக்கேலாது என்று ஒருவன் இடையில் நின்று, இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மேசனின் நாட்கூலி அவனுடைய சம்பளத்தை விடக் கூட. அதைச் சொல்லிப் பயனில்லை, எங்கள் ஊர் அப்படி.

போன மாசம் அந்த இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்தி தொலைபேசி எடுத்தாள்.

“சேர், எங்கட புது வீட்டு அறைச் சுவர் பொக்கெண்டு கேக்குது. கட்டினவரைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினனான்.”

“என்ன சொன்னவர்?”

“உனக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்ததெண்டு கேட்டவர். நான் கரியாலை வட்டம் போட்டு வைச்சிருக்கிறன். நாளைக்கு வந்து கொத்துறாராம்.”