குஞ்சை வளர்ப்பது தாய்க்கோழிதான்

காரைக்குடி அருகே உள்ள புதுவயலுக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சின்னத் தோட்டம். செம்மண், நாலைந்து முந்திரி, ஒரு வேம்பு, வேலியோரம் முருங்கை. அதில் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறேன். முட்டை பொரிக்கிற இன்குபேட்டர் மிஷின் வாங்கினால் ஒரே தடவையில் 100 குஞ்சு எடுக்கலாமே என்று வருகிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். எடுக்கலாம். அந்தக் குஞ்சுகளுக்கு மேயக் கற்றுக்கொடுப்பது யார்?

சிறுவிடை 12, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டைக்காக வளர்ப்பவர்களுக்கு அது நஷ்டம். எனக்கு அதுதான் வரவு. கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, கோழியின் உடம்புக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் முட்டை வைப்பேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கரு கூடிய முட்டையில் நரம்பு ஓடுவது தெரியும். 21ஆம் நாள் பொரித்துவிடும்.

முதல் சில நாள் பஞ்சாரம் என்கிற கவிழ்த்து மூடும் கூடைக்குள், அப்புறம் தாயோடு வெளியே. மேலே வல்லூறு வட்டமிட்டால் கோழி ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் அத்தனையும் முந்திரிக்கு அடியில் பதுங்கிவிடும். முந்திரிக் கிளை தரையைத் தொட்டுப் படர்வதால் அதைவிட நல்ல கூரை கிடையாது. கீரி வந்தால் குரலே வேறு. விடாமல் கத்தி என்னையும் வரவழைத்துவிடும். பக்கத்துத் தைலமரக் காட்டுப் பக்கம் இவை போவதில்லை. அங்கே கிளறினாலும் பூச்சி கிடைக்காது.

தீவனத்துக்கு அதிகம் செலவில்லை. புதுவயல் அரிசி மில்களில் குருணையும் தவிடும் கிடைக்கும். மீதிக்குக் கரையான். "கரையான் இருக்கிற மண்ணுல கோழிக்குஞ்சு பட்டினி கெடக்காது ஆத்தா" என்று அப்பத்தா சொல்லிக்கொடுத்த முறை இது: பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, பனையோலைத் துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் மண்ணில் கவிழ்த்துவிட வேண்டும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் எடுத்தால் பானை நிறையக் கரையான். குஞ்சுகள் மொய்த்துக்கொண்டு தின்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

ராத்திரி மரநாய்க்குப் பயந்து கூட்டில் அடைத்துவிடுவேன். கூட்டுத் தரையில் அடுப்புச் சாம்பல், செள்ளுப்பூச்சி பிடிக்காமல் இருக்க.

தாய்க்கோழியால் முடியாத ஒன்று வெள்ளைக்கழிச்சல். வைரஸ் நோய், வந்துவிட்டால் மருந்தில்லை. ஏழாம் நாள் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் தடுப்பூசி. இந்த இரண்டையும் நான் தள்ளிப்போடுவதில்லை. தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். சூடு பட்டால் வீண். கால்நடைத்துறை பிப்ரவரியில் இந்தக் கழிச்சலுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அவிழ்த்துவிட்ட கோழி வேலி தாண்டாமல் இருக்காது. அதனால் முகாமுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஆச்சியின் கோழிகளையும் கூடையில் அள்ளிக்கொண்டுதான் போவேன்.