காசநோய்க் கிருமியின் தரவைப் பொதுவில் வைத்த அனுபவம்

தமிழ்நாட்டில் காசநோய் ஆய்வகங்கள் சில சேர்ந்து, கிருமியின் மரபணு வரிசைகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுக் களஞ்சியத்தில் வைத்தோம். வரிசையோடு, அந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கியது, எதற்கு அடங்கவில்லை என்ற பரிசோதனை முடிவுகளையும் வைத்தோம். தரவைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னுடையது. இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆய்வகங்கள் என்னிடம் அதிகம் கேட்பது "எப்படி அப்லோட் பண்றது?" என்றுதான். அப்லோட் கடைசி வேலை, இருப்பதிலேயே சுலபமான வேலையும் அதுதான். அதற்கு முன் நடந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில், இதை ஏன் செய்ய வேண்டும் என்பது. சளியிலிருந்து கிருமியைக் கல்ச்சரில் வளர்த்து மருந்தைச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். மரபணுவைப் படித்தால் சில நாட்களில் சொல்லிவிடலாம். ஆனால் எந்த மாற்றம் எந்த மருந்தைச் செயலிழக்க வைக்கிறது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2021இல் முதன்முதலாக வெளியிட்டது, 38,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை வைத்து. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது 52,000ஐத் தாண்டியது. பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் தரவைக் கொடுத்ததால் மட்டுமே உருவான பட்டியல் அது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். ஒப்பிடுவதற்கு எல்லோரும் வைத்திருக்கும் மூல வரிசையோ 1905இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த எச்37ஆர்வி கிருமியுடையது. அதன் முழு வரிசை 1998இல் வெளியானது, சுமார் 44 லட்சம் எழுத்துகள். காசநோய்க் கிருமியைப் பரம்பரை என்று சில கிளைகளாகப் பிரிப்பார்கள், அது நான்காம் பரம்பரையைச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவது முதலாம் பரம்பரை. நம் ஊர்க் கிருமி பட்டியலில் குறைவாக இருந்தால், நம் ஊர் நோயாளிக்கு அந்தப் பட்டியல் சொல்லும் பதிலும் அந்த அளவுக்குத்தான் உறுதியாக இருக்கும். இந்த ஒரு காரணம் போதும் என்று நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் ஆய்வகத் தலைவர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், தரவு வராது. அவர்கள் தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஒரு பிஎச்டி மாணவி வருடக்கணக்கில் சேர்த்த மாதிரிகளைப் பொதுவில் வைத்த மறுமாதம், பெரிய கணினி வசதி உள்ள வேறொரு குழு அதை வைத்தே கட்டுரை வெளியிட்டுவிட்டால் அவர் ஆய்வேடு என்ன ஆவது? இதை முதல் கூட்டத்திலேயே ஒரு பேராசிரியர் நேராகக் கேட்டார். இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத் திட்டத்தினர், ஆயிரம் எழுத்துக்கு மேல் கோர்த்த எந்த வரிசையையும் 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். 2003இல் ஃபோர்ட் லாடர்டேலில் நடந்த கூட்டத்தில், தரவை உருவாக்கியவரின் முதல் ஆய்வுக்கு மற்றவர்கள் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசினார்கள்.

நாங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பிடித்தோம். ஒரே பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் உடன்பாடு எழுதினோம். தரவு உடனே களஞ்சியத்துக்குப் போய்விடும், அதற்கான பதிவு எண்ணும் கிடைத்துவிடும். ஆனால் குறித்த தேதி வரை திறக்காது. அந்தத் தேதியை ஆய்வகமே சொல்லும், ஒரு முறை சொன்ன பிறகு தள்ளிப்போட முடியாது. கல்ச்சர் போட்ட டெக்னீஷியன் பெயரும் தரவோடு போகும். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது ஒரு மாவட்ட ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன். கூட்டத்தின் போக்கையே அது மாற்றியது என்பேன்.

இன்னொன்றும் உதவியது. வரிசை வந்த உடனே ஆய்ந்து, அந்த ஆய்வகத்துக்கே ஒரு அறிக்கை திருப்பி அனுப்பினோம்: எந்தப் பரம்பரை, எந்த மருந்துக்கு எதிர்ப்பு, மாதிரியில் இரண்டு கிருமி கலந்திருக்கிறதா, ஆய்வகத்துக்குள்ளேயே ஒன்று இன்னொன்றில் கலந்ததா. கொடுத்தவர்களுக்கு முதலில் பயன் தெரிந்தது. அதுவரை பதில் போடாத ஆய்வகங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தாமாகவே கூப்பிட்டன. அப்புறம்தான் மாதாந்திரக் கூட்டத்துக்கு ஆள் வரத் தொடங்கியது.

எத்திக்ஸ் கமிட்டி பற்றிச் சுருக்கமாக. பழைய மாதிரிகளுக்கு நோயாளிகளைத் தேடிப் போய் மறுபடி கையெழுத்து வாங்குவது நடக்காது. மீதமான மாதிரி, அடையாளம் முழுவதும் நீக்கப்பட்டது, நோயாளிக்குக் கூடுதல் ஆபத்து மிகக் குறைவு என்றால் ஒப்புதலிலிருந்து விலக்குக் கேட்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளில் இடமுண்டு. அதன்படி கேட்டோம். புதிய மாதிரிகளுக்கு ஒப்புதல் படிவத்திலேயே "கிருமியின் தரவு உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கும்" என்று எளிய தமிழில் ஒரு வரி சேர்த்தோம். வெளிநாட்டுக் குழுவோடு கூட்டு என்றால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்க்ரீனிங் கமிட்டியும் உண்டு, எங்களுடையது உள்நாட்டுக் கூட்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் கமிட்டியும் தனித்தனியாகக் கேள்வி கேட்கும். ஒரு கமிட்டிக்கு எழுதிய பதிலை அடுத்த கமிட்டிக்கு விண்ணப்பத்தோடேயே இணைத்துவிடுங்கள், காலம் மிச்சமாகும்.

இனி, அதிக உழைப்பு கேட்ட பகுதி. மரபணு வரிசையை எந்திரம் தருகிறது. அது எங்கும் ஒரே வடிவம்தான். பக்கத்தில் இருக்க வேண்டிய விவரங்கள் மனிதர்கள் எழுதியவை, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி. ஒரு ஆய்வகத்தில் "ஆர்" என்றால் மருந்துக்கு அடங்காதது, "எஸ்" என்றால் அடங்கியது. இன்னொன்றில் அதே இடத்தில் பிளஸ் குறி. வேறொன்றில் மருந்தின் பெயரை மட்டும் எழுதி, சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். இதையெல்லாம் ஒரே அட்டவணைக்குக் கொண்டுவந்து, முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில், அந்த மூத்த டெக்னீஷியன் போனில் கேட்டார்: "தம்பி, ரிஃபாம்பிசினுக்கு ஆர்னு போட்டிருக்கீங்களே, அது எந்த வருஷத்து ஆர்? பழைய அளவா, புது அளவா?"

அவர் கேட்டது அடிப்படையான கேள்வி. ரிஃபாம்பிசின் காசநோய்க்கான முக்கிய மருந்து. திரவ ஊடகத்தில் (கிருமியை வளர்க்கும் திரவத்தில்) அதன் சோதனைக்கான எல்லை அளவை உலக சுகாதார நிறுவனம் 2021இல் லிட்டருக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. 1இல் வளராமல் 0.5இல் வளர்ந்த கிருமி முன்பு மருந்துக்கு அடங்கியது, இப்போது அடங்காதது. கிருமி ஒன்றுதான், எழுத்து மாறிவிட்டது. சோதனை நடந்த நாளும், ஊடகமும், மருந்தின் அளவும் இல்லாமல் வெறும் ஆர், எஸ் என்று பொதுவில் வைத்தால், இதை எடுத்துப் பயன்படுத்துபவர் ஒரு மரபணு மாற்றத்தைப் பற்றித் தப்பான முடிவுக்கு வருவார். அந்த முடிவு ஒரு நாள் யாரோ ஒருவருடைய மருந்துச் சீட்டாக மாறும்.

"அக்கா, அந்த விவரம் எங்க இருக்கும்?"

"நோட்டுல இருக்கு. எந்த வருஷத்து நோட்டு எந்த பீரோல இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆள் அனுப்புங்க."

ஒவ்வொரு ஆய்வகத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றவர்கள்கூட வந்து உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் படித்துச் சொன்னார்கள். அட்டவணையில் ஊடகம், மருந்தின் அளவு, சோதனை ஆண்டு என்று மூன்று பத்திகள் கூடின. இந்தத் தொகுப்பை இன்று யாராவது பாராட்டினால் அந்த மூன்று பத்திகளுக்காகத்தான் பாராட்டுகிறார்கள். அவை நிரம்பியது அந்த நோட்டுகளை எழுதியவர்களால்.

எக்செல் பற்றி ஒரு எச்சரிக்கை. மருந்தளவை "1-2" என்று அடித்தால் அது பிப்ரவரி 1 ஆகிவிடும். வெறும் எழுத்துக் கோப்பை (சிஎஸ்வி) எக்செலில் திறந்து சேமித்தாலே போதும். பத்திகளை முதலிலேயே டெக்ஸ்ட் என்று அமைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

அடையாளம் நீக்குவது அடுத்தது. பெயரையும் போன் எண்ணையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். மாட்டுவது வேறு இடங்களில். பல ஆய்வகங்கள் நோயாளியின் நிக்ஷய் எண்ணையே (அரசின் காசநோய்ப் பதிவு எண்) கோப்பின் பெயராக வைத்திருந்தன. கோப்பின் பெயரை மாற்றினோம். ஆனால் ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பின் தலைப்பகுதியில் பழைய பெயர் அப்படியே ஒளிந்திருக்கக்கூடும். பெயர் பதியாத முறையில் மறுபடி சுருக்கிய பிறகுதான் அது போகும். சளியிலிருந்து நேரடியாகப் படித்த மாதிரிகளில் நோயாளியின் சொந்த மரபணுத் துண்டுகளும் கலந்து வரும், அவற்றை மனித மரபணுவோடு ஒப்பிட்டு வெளியேற்றினோம். அதைவிட முக்கியம் ஊர். களஞ்சியத்தில் மாதிரி எடுத்த நாடும், குறைந்தது ஆண்டும் கட்டாயம். 2023இலிருந்து சர்வதேசக் களஞ்சியங்கள் இதை வலியுறுத்துகின்றன. ஆய்வாளருக்கு ஊர் பெயர் வரை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் ஒரு சிறு கிராமம், ஒரு மாதம், 60 வயதுப் பெண் என்று போட்டால், அந்த ஊர்க்காரர்களுக்கு அது யாரென்று தெரிந்துவிடும். காசநோய் என்று தெரிந்தால் கல்யாணப் பேச்சு நிற்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் மாநிலம், ஆண்டு, பத்து வயது இடைவெளி, அவ்வளவுதான். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் களஞ்சியங்கள் மூன்றும் தரவைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன, உலகெங்கும் படியெடுத்துவிடுவார்கள். வெளியே போனதைத் திரும்பப் பெற முடியாது.

எங்கே வைப்பது என்பதிலும் பேச்சு நடந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் உயிரியல் ஆய்வுகளின் தரவைச் சேமிக்கவே ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். பதிவேற்றத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு: ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பாதியில் மின்சாரம் போனால் எது முழுதாகப் போனது என்று அதை வைத்துத்தான் தெரியும்.

திறந்த பிறகு ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று நேரடியாகப் பேசத் தொடங்கியதுதான் எனக்கு அதிக மகிழ்ச்சி. ஒரு ஆய்வகத்துக்குச் சந்தேகமான முடிவு வந்தால் இன்னொன்று மறுபடி சோதித்துத் தருகிறது. மாதாந்திரக் கூட்டத்தை இப்போது டெக்னீஷியன்களே மாறி மாறி நடத்துகிறார்கள்.

இப்போது எங்கள் கவனம் பெடாகுவிலின் மீது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு, பெடாகுவிலின் உள்ளிட்ட நான்கு மருந்து, ஆறு மாத சிகிச்சையை 2024இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. இந்த மருந்தை எதிர்க்கும் மாற்றங்கள் ஒரே இடத்தில் இல்லாமல் மரபணுவில் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் அரிதாக வருகிறது. தனி ஆய்வகம் ஒன்றின் கையில் ஓரிரு மாதிரிதான் இருக்கும், அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் ஃப்ரீசரில் அப்படி ஒரு மாதிரி இருந்தால், சோதனை செய்த ஊடகம், மருந்தின் அளவு, ஆண்டு மூன்றையும் இன்றே நோட்டிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். வரிசை பிறகு படித்துக்கொள்ளலாம்.