சிங்கி பதில் சொல்லும் முன்

எங்கள் கல்லூரித் தமிழ்த் துறை ஆண்டுதோறும் முத்தமிழ் விழாவுக்கு ஒரு நாடகம் போடும். 2021இல் மேடை இல்லை. ஒத்திகைக்கு நான்கு பேர் கூடவும் வழியில்லை. அந்த ஆண்டு குற்றாலக் குறவஞ்சி என்ற பழைய இசைநாடக நூலை அனிமேஷனாக்கி இணையத்தில் வெளியிட்டோம். இந்த வாரம் தென்காசிப் பக்கம் சாரல் விழத் தொடங்கியதும் அந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்த ஊர் மேலகரம். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரும் அதுதான். மதுரையை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் அந்த நூலுக்காக அவருக்குக் கொடுத்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர். ஒரு பாட்டுக்கு நிலம் கொடுத்து, நிலத்துக்கும் பாட்டின் பெயரையே வைத்த ஊர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. என்றாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது இன்றும் திருநெல்வேலிச் சீமைதான்.

கொரோனா நாட்களில் மற்ற வகுப்புகள் எப்படியோ நடந்தன. பாட்டுதான் முதலில் நின்றது. காரணம் இருந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழுவின் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். வாய்விட்டுப் பாடும்போது மூச்சோடு வெளியேறும் நுண்துளிகள் மூடிய அறையில் தங்கிவிடுகின்றன. அதைப் படித்த பிறகு, பின்பாட்டுக்கு எட்டுப் பிள்ளைகளை ஓர் அறையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் முதுகலை மாணவன் ஒருவன், "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று ஒரு சுட்டியை அனுப்பினான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நகைச்சுவை ஆப்பரா ஒன்றை, அதாவது மேலைநாட்டு இசைநாடகம் ஒன்றை, முழுக்க அனிமேஷனாகச் செய்திருந்தது. பாடகர்கள் அவரவர் வீட்டிலிருந்து பாடி அனுப்ப, அந்தக் குரல்களுக்கு ஓவியர்கள் உருவம் கொடுத்திருந்தார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தேன். பிறகு ஆப்பராவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1733இல் அரங்கேறிய பெர்கோலேசியின் 'லா சேர்வா பத்ரோனா'வில் பாடுகிறவர்கள் இரண்டே பேர்: ஒரு பணிப்பெண், அவளுடைய எஜமான். கனமான பெரிய ஆப்பரா ஒன்றின் அங்கங்களுக்கு நடுவே, பார்ப்பவர்கள் சிரிக்கட்டும் என்று செருகிய சிறு துண்டு அது. நமக்கு நிலம் கொடுத்த விசயரங்க சொக்கநாதர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. நேப்பிள்ஸில் அந்த இருவரும் பாட்டிலேயே வழக்காடியதும், குற்றாலத்துத் திரிகூட மலையடியில் நம் குறவஞ்சியின் குறவன் சிங்கனும் அவன் மனைவி சிங்கியும் வழக்காடியதும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில்! அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோமே என்ற ஆற்றாமை.

குறவஞ்சியைப் பள்ளியில் படித்த பலருக்கும் மலைவளப் பாட்டு நினைவிருக்கும். வசந்தவல்லி பந்தாடுவதும், உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்குவதும், குறத்தியான சிங்கி வந்து குறி சொல்வதும் தெரிந்திருக்கும். சிரிப்பு அதற்குப் பிறகுதான். மனைவியைக் காணாமல் தேடி அலைந்த சிங்கன் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பெல்லாம் அவன் பார்த்திராத நகைகள். காலில் பெரிய விரியன் கடித்துக் கிடக்கிறதே என்று பதறுகிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு அது என்கிறாள். நாங்கூழ்ப் புழு போல நெளிகிறதே, அது என்ன என்கிறான். பாண்டியனார் மகளுக்குக் குறி சொன்னதற்குக் கிடைத்த கால்நகை, பாடகம் என்கிறாள். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. பயமும் சந்தேகமும் ஆசையும் அந்தக் கேள்விகளுக்குள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

வேலை தொடங்கியதும் முதலில் வந்த சிங்கியின் படத்தை நான் ஏற்கவில்லை. திரையில் பார்த்துப் பழகிய குறத்தி அவள்: தலையில் இறகு, ஒருக்களித்த இடுப்பு, கண் சிமிட்டும் முகம். நூலில் வரும் சிங்கி நாடு நாடாக நடந்து, தன் தொழிலால் ஊதியம் பெற்று வந்தவள். அந்தச் சமூகத்துப் பிள்ளை இதைப் பார்த்தால் தலை குனியக் கூடாது. சிரிப்பு அவள் சொல்லும் பதிலிலிருந்து பிறக்க வேண்டும், அவள் தோற்றத்திலிருந்து அல்ல. படம் வரைந்த பெண் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் வேறொரு சிங்கி வந்தாள். புழுதி படிந்த பாதம், தோளில் கூடை, நேராகப் பார்க்கும் கண். அவளைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நிறங்களைக் குற்றாலத்துச் சித்திர சபையிலிருந்து எடுத்தோம். நடராசரின் ஐந்து சபைகளில் இறைவன் ஓவியமாக ஆடுவது அங்கேதான். கோயிலுக்குப் போய்வர முடியாத காலம். என்னிடமிருந்த பழைய படங்களைப் பார்த்துச் செங்காவியும் மஞ்சளும் பச்சையும் குழைத்தார்கள். அருவியையும் நேரில் போய் வரைய வாய்க்கவில்லை. 2020, 2021 இரண்டு சீசனிலும் குளிக்கத் தடை.

பறவைகள்தான் எங்களுக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி. சிங்கனும் அவன் கூட்டாளி நூவனும் கண்ணி வைக்கும் இடத்தில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்க வேண்டும். எல்லாப் பறவைகளையும் கழுத்தை நீட்டிப் பறப்பதாக வரைந்திருந்தார்கள். கூந்தன்குளத்துப் பக்கத்துப் பையன் ஒருவன் உடனே மறுத்தான். பிறந்ததிலிருந்து பறவைகளோடு வளர்ந்தவன் அவன். "கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டுதான் பறக்கும். நாரைதான் நீட்டிக்கொண்டு போகும்" என்றான். அவன் சொன்னபடி அத்தனையும் மாறியது. கூழைக்கடா இறங்கும்போது கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் சறுக்குவதையும் அவனே வரைந்து காட்டினான்.

வரைகிற கணக்கு எனக்குப் புதிது. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டினால் 12 வரைந்தால் போதும். அப்படியும் ஆறு நிமிடப் பாட்டுக்கு 4,320 படங்கள். விரலால் கைப்பேசியில் வரைகிற பிள்ளைகள் அவ்வளவுக்கு எங்கே போவார்கள்? கை, கால், தலை, வாய் என்று தனித்தனித் துண்டுகளாக வரைந்து அவற்றை நகர்த்தினோம். தோல்பாவைக் கூத்தில் செய்வதும் அதுதானே! வாய்க்கு மட்டும் ஒன்பது வடிவங்கள். ம, ப வந்தால் உதடு மூடவேண்டும். வ வந்தால் மேல்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். 'சிங்கா' என்று நெடில் நீளும்போது வாய் திறந்தே இருக்கவேண்டும். குறில் நெடிலை நான் கரும்பலகையில் முப்பது ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்த வாய்களை வரிசையாக அடுக்கிப் பார்த்த அன்று போல் அது என் கண்ணுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இனி, சிங்கி பதில் சொல்லும் முன் நாங்கள் விட்ட அந்த இடைவெளிக்கு வருகிறேன்.

சிங்கியாகப் பாடிய பெண் ஆலங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. வீட்டில் அம்மா, சித்தி, ஆச்சி எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். ஆனிக் காற்று கதவை அடிக்கும் என்று, உள்ளறையில் நான்கு பக்கமும் தலையணையும் போர்வையும் அடுக்கி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பாடினாள். சிங்கன் பாளையங்கோட்டைப் பையன். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

கைப்பேசியில் இருவரையும் சேர்ந்து பாட வைத்துப் பார்த்தேன். முடியவே இல்லை. ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு தாமதமானாலே தாளம் இழுக்கத் தொடங்கிவிடும். எங்களுக்கோ பாதி நொடி, முக்கால் நொடி என்று தாமதம். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, பாட்டு நடக்க நடக்க நொண்டியது. சேர்ந்து பாடும் பகுதிகளை விட்டுவிட்டோம். அவரவர் காதில் தாளத்தைப் போட்டுக்கொண்டு தனியாகப் பாடி அனுப்புவது என்று முடிவாயிற்று.

ஆனால் அந்தக் கெட்டுப்போன ஒத்திகையில் ஒன்று நடந்தது. சிங்கன் விரியனைப் பற்றிப் பதறிக் கேட்டான். தாமதத்தால் சிங்கியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நாங்கள் பதினொரு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, மிக அமைதியாக, "சேலத்து நாட்டில்" என்று அவள் குரல் வந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு என் மாணவர்கள் சேர்ந்து சிரித்ததைக் கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் தொகுப்பு வந்தது. கேள்வி முடிந்த மறுகணம் பதில். சுத்தமான தாளம், ஒரு பிசகும் இல்லை. எனக்குச் சிரிப்பே வரவில்லை. தொகுத்த பையனை அழைத்து, நடுவில் இடம் விடச் சொன்னேன். "தாளம் தப்புமே அம்மா" என்றான். தப்பட்டும் என்றேன்.

ஐந்து படங்கள் வைத்துப் பார்த்தோம். தொகுப்பில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. இருபது வைத்தோம், சிங்கி பொய்யைத் தேடுகிறாள் என்று பொருள் மாறிவிட்டது. அது தவறு. அவள் பொய் சொல்லவில்லை. ஒரு முழு மாலை இப்படிக் கூட்டிக் குறைத்துக் கடைசியில் பத்தில் நின்றோம். முக்கால் நொடிக்குக் கொஞ்சம் அதிகம். அந்தப் பத்தில் முதல் நான்கில் அவள் சிங்கனைப் பார்க்கிறாள். அடுத்த நான்கில் குனிந்து தன் சிலம்பைப் பார்க்கிறாள். கடைசி இரண்டில் நிமிர்கிறாள். அவன் பாம்பைக் கண்ட இடத்தில் அவள் தான் நடந்த வழியைக் காண்கிறாள். பிறகுதான் வாய் திறக்கிறாள்.

அவள் பாடி அனுப்பிய பதிவில், பதிலுக்குச் சற்று முன் 'சறுக்' என்று ஒரு சிறு சத்தம் கேட்டது. அடுத்த அறையில் பீடி இலை வெட்டும் கத்திரி. நீக்கிவிடலாமா என்று பையன் கேட்டான். சிலம்பின் மேல் கண் விழுகிற அதே படத்தில் அது வந்து நின்றிருந்தது. தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு மாலை யூடியூபில் வெளியிட்டோம். மொத்தம் 38 நிமிடங்கள். துறைத்தலைவர் பேசினார், நான் இரண்டு வார்த்தை சொன்னேன், அதெல்லாம் வழக்கம்போல் முடிந்தது. மறுநாள் காலை சிங்கி அழைத்தாள். அவர்கள் வீட்டுத் திண்ணையில், கைப்பேசியை ஒரு சுளகின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, தெருப் பெண்கள் ஆறேழு பேர் பீடி சுற்றிக்கொண்டே பார்த்தார்களாம். பந்தாட்டத்துக்கு யாரும் நிமிரவில்லை. பறவைகள் இறங்கியபோது இரண்டு பேர் கையை நிறுத்தினார்கள். விரியன் கேள்வி வந்ததும் எல்லாக் கத்திரியும் நின்றுவிட்டன. அந்த அமைதியில் கைப்பேசிக்குள்ளிருந்து ஒரே ஒரு 'சறுக்'.

அவள் அம்மா திடுக்கிட்டு மடியைப் பார்த்துவிட்டு, "ஏளா, இது நம் வீட்டுக் கத்திரி அல்லவா!" என்றாராம்.