அக்காவுக்கு எந்த உள்வைப்பு?

மார்பக நீக்கத்துக்குப் பிறகு, மார்பின் வடிவத்துக்காக உள்ளே பொருத்தும் பையான உள்வைப்பு வேண்டுமா என்று மருத்துவர் கேட்டபோது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் சீவியே எங்களை வளர்த்த என் அக்கா முதலில் விசாரித்தது, கையைத் தலைக்கு மேல் தூக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதைத்தான்.

நீக்கும் அறுவையிலேயே நிரந்தர உள்வைப்பைப் பொருத்துவதற்கு, நல்ல இரத்த ஓட்டமுள்ள தோல் போதிய அளவு எஞ்சியிருக்க வேண்டும். மற்றொரு வழியில், தோலை விரிக்கவென உள்ளே வைத்த தற்காலிகப் பையான விரிப்பானுக்குள் ஊசி வழியே உப்புநீரைச் சிறிது சிறிதாக ஏற்றி, இடம் உருவானதும் இரண்டாம் அறுவையில் விரிப்பானை எடுத்துவிட்டு உள்வைப்பை வைப்பார்கள். ஈப்போ நகருக்குப் பலமுறை அலைய நேர்ந்தாலும், அளவை அக்காவே பார்த்து முடிவு செய்யலாம் என்பதால் நான் இதையே விரும்பினேன்.

சிலிகோன் நிரப்பிய உள்வைப்பு தொடுவதற்கு இயல்பாக இருக்கும். ஆனால் கிழிந்தால் வெளியே தெரியாமலே போகலாம் என்பதால், அவ்வப்போது எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை தேவை. உப்புநீர் நிரப்பிய உள்வைப்போ கசிந்தால் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகை, அரிய நிணநீர்ப் புற்றுநோயுடன் தொடர்புடையதெனக் கண்டறியப்பட்டு 2019இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே மேற்பரப்பைப் பற்றியும் அவசியம் கேளுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டென்றால், உள்வைப்பைச் சுற்றிய தழும்புத் திசு இறுகும் வாய்ப்பு கூடும் என்பதால், அதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.